குளிருக்குக் கொடியைப் புதைக்கிற ஊர்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சையை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்கு மேலே பந்தல் போட்டிருப்பார்கள். உள்ளே போனால் வெயில் பொட்டுப் பொட்டாகத்தான் தரையில் விழும். சுருளிப்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டம். கழுத்து வலிக்கக் கொத்துகளை எண்ணித் திரிந்த பிள்ளை நான். அந்தப் பழக்கத்தில்தான் ஆர்மீனியாவில் முதல் திராட்சைத் தோட்டத்து ஓரம் கார் நின்றதும் தலையைத் தூக்கினேன். மேலே வெறும் வானம். பழம் முழங்காலுக்குக் கீழே, கல்லும் சரளையுமான மண்ணை ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்டோபர் முதல் வாரம் அது, அறுவடைக் காலம். இந்தியர்களுக்கு இணையத்திலேயே விசா கிடைத்துவிடுகிறது, வளைகுடா வழியாக விமானமும் இருக்கிறது. இவ்வளவுதான் நான் ஆர்மீனியாவைத் தேர்ந்தெடுத்த காரணம் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். ஒயின் என்ற சொல்லை அம்மா காதில் விழாமல் பார்த்துக்கொண்டேன்.

தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குகூட இல்லாத நாடு. கடல் கிடையாது. சராசரி உயரம் மட்டும் 1,800 மீட்டரை ஒட்டி, அதாவது நாடு முழுக்க ஒரு கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் கொடைக்கானலின் பச்சையை எதிர்பார்த்துப் போகக் கூடாது. மலையெல்லாம் காய்ந்த சாக்குப்பை நிறத்தில் இருக்கும். ஆற்றங்கரையில் மட்டும் ஒரு பச்சைக் கோடு ஓடும். தலைநகர் யெரெவானிலிருந்து தெற்கே இறங்கும் அராராத் சமவெளியில் ஆண்டு மழை 250, 300 மில்லிமீட்டர்தான். நம் ஊரில் ஒரு ஐப்பசி அடைமழை சில நாளில் கொட்டிவிடும் அளவு. வாய்க்கால் தண்ணீர் இல்லாவிட்டால் அங்கே ஒன்றும் முளைக்காது.

வாடகைக் கார் ஓட்டி வந்தவர் அறுபது வயது தாண்டியவர். என்னை "ஜான்" என்று கூப்பிட்டார். அங்கே கடைக்காரர் முதல் காவலர் வரை எல்லோரும் எல்லோருக்கும் ஜான்தான், நம் "கண்ணு" மாதிரி. சமவெளியில் போகும் வழியெல்லாம் வலப்பக்கம் அராராத் மலை, 5,137 மீட்டர், தலையில் பனியோடு கூடவே வந்தது. நோவாவின் பேழை தங்கியது அங்கேதான் என்பது நம்பிக்கை. வெள்ளம் வடிந்ததும் நோவா முதல் வேலையாகத் திராட்சை நட்டார், குடித்தார், மயங்கினார் என்கிறது பைபிளின் ஆதியாகமம். "அதனால் உலகத்தின் முதல் குடிகாரர் எங்கள் ஊர்க்காரர்" என்று ஓட்டுநர் பெருமையாகச் சொன்னார். அந்த மலை இப்போது துருக்கியின் எல்லைக்குள் இருக்கிறது. எல்லை 1993 முதல் மூடிக் கிடக்கிறது. கோர் விராப் மடத்துச் சுவரில் நின்றால் கைக்கெட்டும் தூரம்போல் தெரிகிறது. சிரித்துக்கொண்டே வந்தவர் அங்கே பேச்சை நிறுத்திவிட்டார்.

சமவெளியைத் தாண்டி ஒரு கணவாய் ஏறி இறங்கினால் வயோட்ஸ் சோர் மாகாணம். அர்ப்பா ஆறு ஓடும் பள்ளத்தாக்கு. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டரில் அரேனி கிராமம், அதன் பெயரிலேயே அரேனி திராட்சை. சாலை நெடுகக் கடைகள். கடைப் பலகையில் கோக் பாட்டில்கள் அடுக்கியிருந்தன. தாகத்துக்கு ஒன்று வாங்கலாம் என்று கையை நீட்டினேன். நல்ல வேளை, ஓட்டுநர் தடுத்தார். உள்ளே இருந்தது வீட்டு ஒயின். ஈரானுக்குத் திரும்பும் லாரிக்காரர்கள் எல்லைச் சோதனையில் மாட்டாமல் கொண்டு போவதற்காக வந்த பழக்கம் என்றார். கோக்கின் நிறமும் அரேனி ஒயினின் நிறமும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது என்பது இந்தத் தொழிலுக்குக் கிடைத்த வரம்.

ஊருக்குப் பக்கத்திலேயே, செங்குத்துப் பாறையில் ஒரு குகை. அரேனி-1 என்று எண் போட்டிருக்கிறார்கள். 2007-இல் தோண்ட ஆரம்பித்தார்கள். சுமார் 6,100 ஆண்டுகளுக்கு முந்தைய ஒயின் ஆலை அங்கே கிடைத்தது. ஆலை என்றதும் பெரிதாக எதையாவது கற்பனை செய்ய வேண்டாம். களிமண் பூசிய, ஒரு மீட்டர் அகல ஆழமில்லாத தொட்டி, அதில் திராட்சையைப் போட்டுக் காலால் மிதித்திருக்கிறார்கள். சாறு வழிந்து பக்கத்தில் புதைத்த சாடிக்குள் இறங்கும்படி சரிவு. சுற்றிலும் விதைகள், சக்கைகள், காய்ந்த கொடித் துண்டுகள். அண்டை நாடான ஜார்ஜியாவில் இதைவிடப் பழைய, 8,000 ஆண்டு ஒயின் படிந்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ஆகவே பழைய ஒயின் ஜார்ஜியாவினுடையது, பழைய ஆலை ஆர்மீனியாவினுடையது. இரண்டு நாட்டுக்காரர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்து இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

குகைக்குள் எனக்கு மறக்காமல் நிற்பது அந்த வறட்சி. மூச்சு இழுத்தால் மூக்கு காய்கிறது. அந்த ஈரமில்லாத காற்றால்தான் விதைகூட மக்காமல் இருந்திருக்கிறது. 5,500 ஆண்டுப் பழைய தோல் செருப்பு ஒன்றும் இங்கே கிடைத்தது, ஒரே மாட்டுத் தோலில் மடித்துத் தைத்து, உள்ளே புல் திணித்தது. அதை முந்தின நாள் யெரெவான் அருங்காட்சியகத்தில் பார்த்திருந்தேன். எங்கள் ஊர்ச் சந்தையில் வைத்தால் இன்றைக்கும் விலை கேட்பார்கள்.

அன்று இரவு தங்கியது ஒரு விவசாயி வீட்டில். வீட்டுப் பெரியவருக்கு ரஷ்யனும் ஆர்மீனியனும்தான் தெரியும், பேத்தி ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்தாள். பாட்டியை அவள் "தாத்திக்" என்று கூப்பிட்டதில் கொஞ்ச நேரம் குழம்பிப் போனேன். எந்த ஊர் என்று கேட்டார்கள். கம்பத்தை எப்படிச் சொல்ல? "மெட்ராஸ் பக்கம்" என்றேன். பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "மத்ராஸ்! அஸ்தரார்!" உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான அஸ்தரார், 1794-இல் சென்னையில் அச்சானது. நடத்தியவர் ஹாருத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார். எனக்கு அப்படி ஓர் இதழ் இருந்ததே தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு. ஆர்மீனியன் தெரு என்பது நம் நாக்கில் புரண்டு அரண்மனைக்காரன் ஆனதைச் சொல்லிப் புரிய வைக்க அரை மணி நேரம் ஆயிற்று. புரிந்ததும் பெரியவர் தன்னை அரண்மனைக்காரன் என்றே அழைக்கச் சொன்னார்.

காலையில் அவரோடு தோட்டத்துக்குப் போனேன். அரேனிப் பழத்துக்குத் தோல் தடிமன். எங்கள் பன்னீர் திராட்சையை விரலில் அழுத்தினால் சாறு தெறிக்கும், மழை பட்டால் வெடித்துவிடும். இது பல்லுக்கு வேலை கொடுக்கிறது. உயரத்து வெயில் கடுமை, பகலுக்கும் இரவுக்கும் நடுவே சூடு சட்டென்று மாறுகிறது, அதற்கேற்ற தோல். பகலில் சர்க்கரை ஏறுகிறது, இரவுக் குளிரில் புளிப்பு குறையாமல் நிற்கிறது. ஐரோப்பியக் கொடிகளையெல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் வேர்ப்பேன் தின்று தீர்த்தது. அதன்பிறகு அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டித்தான் அங்கே பிழைக்கிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கின் கொடிகள் இன்னும் சொந்த வேரிலேயே நிற்கின்றன. அடிமரம் என் தொடைப் பருமன். அவருடைய தாத்தா நட்டதாம்.

ஆனால் அந்த அடிமரம் நிமிர்ந்து நிற்கவில்லை. தரையிலிருந்தே நாலைந்து கிளைகள் விசிறிபோல் சாய்வாகப் பிரிந்திருந்தன. ஏன் என்று கேட்டதற்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லை. ஒரு கிளையைப் பிடித்து மெல்லத் தரையோடு வளைத்துக் காட்டிவிட்டு, காலால் மண்ணைத் தள்ளி மூடினார்.

குளிர்காலத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 20, 25 டிகிரி வரை போகுமாம். அந்தக் குளிர் மொட்டைக் கொன்றுவிடும். அதனால் இலை உதிர்ந்ததும் கவாத்து செய்து, கட்டை அவிழ்த்து, கொடியைப் படுக்க வைத்து மண்ணைப் போட்டு மூடுகிறார்கள். அராராத் சமவெளியில் இதைச் செய்யாமல் முடியாது. இங்கே மேட்டு நிலத்தில் சிலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் பெரியவரின் தோட்டம் குழியில் இருப்பதால் குளிர் அங்கே வந்து தேங்குமாம். வசந்தத்தில் தோண்டி எடுக்க வேண்டும். சீக்கிரம் எடுத்தால் பின்பனி கருக்கும், தாமதித்தால் மொட்டு மண்ணுக்குள் அழுகும். வளைய மறுக்கும் கிளையை வெட்டிவிட்டு, அடியிலிருந்து புதுத் தளிரை வளர்க்கிறார்கள். மூடத் தனியே, திறக்கத் தனியே ஆள் கூலி.

உடனே அப்பாவுக்கு வீடியோ அழைப்பு போட்டேன். கேமராவைக் கொடியின் பக்கம் திருப்பினேன்.

"ஏத்தா, இதென்ன தக்காளிச் செடியா?"

"திராட்சைப்பா."

"பந்தலக் காணோம்? சரி, ஏக்கருக்கு எத்தன டன்னு கேளு."

கேட்டேன். பெரியவர் ஏக்கர் கணக்கு அறியாதவர். ஒரு கொடிக்கு இரண்டு மூன்று கிலோ என்றார். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பத்து டன்னுக்குக் குறைந்தால் முகம் சுருங்குகிற ஆள் அவர். "அதுக்கு எதுக்குத்தா தோட்டம்? தொட்டியில வெச்சிறலாமே" என்றார். புதைக்கிற கதையைச் சொன்னேன். இந்த முறை கேலி வரவில்லை.

"அப்ப அது அஞ்சு மாசம் தூங்குது."

"ஆமாப்பா."

"நம்ம கொடிக்கு லீவே கிடையாது தாயி. வெட்டுன மறுவாரமே கவாத்துக்குக் கத்தரிய எடுத்துர்றோம். 120 நாள்ல காய் எறங்கணும். அதான் இருபது வருசத்துல ஓஞ்சுருது."

பேத்தி இதை மொழிபெயர்த்ததும் பெரியவர் தலையை ஆட்டினார். பிறகு இரண்டு பேரும் என்னை விட்டுவிட்டுச் சாம்பல் நோய்க்குக் கந்தகம் தூவுவது பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நானும் அந்தப் பெண்ணும் நடுவில் மாட்டிய மொழிபெயர்ப்பு இயந்திரங்கள்.

தண்ணீர் பற்றிய பேச்சும் வந்தது. அர்ப்பா ஆற்றின் மேல்பகுதி நீரை 48 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து செவான் ஏரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள், 1981-இல் முடிந்த சோவியத் வேலை. மலையைக் குடைந்து ஆற்றைத் திருப்பிய கதையை எங்கள் ஊர்க்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பென்னிகுக்கின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிற ஊர் அது. வித்தியாசம் என்னவென்றால், நாங்கள் சுரங்கத்தின் இந்த முனையில் இருக்கிறோம், பெரியவர் அந்த முனையில்.

சோவியத் காலத்தில் ஆர்மீனியாவுக்குப் பெரும்பாலும் பிராந்திதான் விதிக்கப்பட்டது, ஒயின் ஜார்ஜியாவின் பங்கு. யெரெவானில் 1887-லேயே பிராந்தித் தொழில் தொடங்கிவிட்டது வேறு. நல்ல அரேனிப் பழமும் கொதிகலனுக்குப் போனது. பிறகு 1985-இல் கோர்பச்சேவின் மதுக் கட்டுப்பாடு வந்தது, கொடிகளைப் பிடுங்கச் சொன்னார்கள். மதுவிலக்கும் கடையும் மாறி மாறி வந்த மாநிலத்திலிருந்து போனவளுக்கு அதில் பெரிய வியப்பு இல்லை. ஆனால் 100 ஆண்டுக் கொடியைப் பிடுங்குவது வேறு. அது கடையை மூடித் திறப்பது போல் அல்ல. வீட்டுத் தேவைக்கு என்று வைத்திருந்த கொடிகள்தான் தப்பியவை என்றார் பெரியவர்.

மதியம் நிலவறைக்கு இறங்கினோம். தரையில் கழுத்துவரை புதைந்த மண்சாடிகள், பெயர் கராஸ். உள்ளே தேன்மெழுகு பூசியிருக்கும். இப்போது புதிதாக வனையத் தெரிந்தவர் அரிது. அதனால் புது ஒயின் நிறுவனங்கள் ஊர் ஊராகப் போய்ப் பழைய சாடிகளை விலைக்கு வாங்குகின்றன. சிலர் வீட்டுச் சுவரை இடித்துத்தான் சாடியை வெளியே எடுக்க வேண்டியிருந்ததாம். பாட்டி ஒரு கோப்பை நீட்டினாள். நான் ஒயின் வல்லுநர் இல்லை. பிளம்ஸ் பழம்போல் ஒரு புளிப்பு, கடைசியில் லேசாக மிளகு, நாக்கில் தோலின் துவர்ப்பு, அவ்வளவு சொல்ல முடியும். அதற்குமுன் யெரெவானின் சர்யான் தெருவில் குடித்த விலை உயர்ந்த புட்டியைவிட இது எனக்குப் பிடித்தது. கூடவே தோனீர் என்கிற மண் அடுப்பில் சுட்ட லவாஷ் ரொட்டியும் உப்புப் பாலாடைக்கட்டியும் இருந்தன, அதுவும் காரணமாக இருக்கலாம்.

நொராவாங்க் மடத்துக்கு மாலையில் போனேன். செம்பாறைகளுக்கு நடுவே 13, 14-ஆம் நூற்றாண்டுக் கோயில்கள். மோமிக் என்ற சிற்பி செதுக்கியவற்றை வெயில் சாயும் நேரத்தில் பார்க்க வேண்டும். சிலுவைக் கற்களில் மாதுளையும் திராட்சைக் கொத்தும். வெளிச்சுவரில் ஒட்டிய, கைப்பிடி இல்லாத ஒற்றையடிப் படியில் ஏறினேன். இறங்கும்போது உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். படம் எதுவும் இல்லை, இரண்டு கையும் கல்லைப் பிடித்திருந்தன.

கிளம்பும்போது பாட்டி இரண்டு பொருள் கொடுத்தாள். வால்நட்டை நூலில் கோத்துத் திராட்சைக் கூழில் முக்கிக் காயவைத்த சுஜுக், பார்க்கக் கறுத்த மெழுகுவர்த்தி மாதிரி. இன்னொன்று, திராட்சைச் சாற்றை நாள் முழுக்கக் காய்ச்சிய பாகு. கோக் பாட்டிலில்தான். விமான நிலையத்தில் அதை விளக்கியது தனிக் கதை.

வீட்டில் பாகின் பெயர் தோஷாப் என்றேன். "பேரே தோஷமா?" என்று அம்மா பாட்டிலைச் சாமி அலமாரிக்குப் பக்கத்தில்கூட வைக்க விடவில்லை. அப்பா ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். "கருப்பட்டிப் பாகு கெட்டது போ" என்றார். மறுநாள் காலையிலிருந்து தோசைக்கு அதைத்தான் ஊற்றிக்கொண்டார். நவம்பர் கடைசியில் ஒரு நாள் தோட்டத்திலிருந்து வந்து கை கழுவிக்கொண்டே கேட்டார், "அந்தாளு இந்நேரம் மூடியிருப்பாரா?"