கொதிதண்ணியில் கரைத்த பவுடர்

இலங்கையில் திருகோணமலை மாவட்டத்து மூதூர்ப் பக்கம் குடும்பநல உத்தியோகத்தராக இருக்கிறேன். ஊருக்கு நான் 'மிட்வைப் மிஸ்'. ஒன்றரை வயதுப் பிள்ளை ஒன்று, நிறை 7 கிலோ 400. வளர்ச்சி அட்டையில் புள்ளி சிவப்புக்குள் கிடந்தது. வயிற்றோட்டம் நின்றால் சளி, சளி போனால் திரும்ப வயிற்றோட்டம். வைத்தியரிடம் காட்டி, கடும் போசாக்கின்மைக்குக் கொடுக்கும் சிகிச்சை உணவான பிபி-100 பிஸ்கட் எடுத்துக் கொடுத்திருந்தோம்.

கிளினிக்கில் தாய் கேட்டார்: "டவுன் பாமசியில நல்ல கிருமிப் பவுடர் ஒண்டு இருக்காம். குடுக்கலாமா மிஸ்?" சனம் நிறைந்த நாள். நிமிர்ந்தும் பார்க்காமல் "ஓம், நல்லதுதான்" என்றேன்.

இரண்டு கிழமை கழித்து வீட்டுக்குப் போனேன். அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணீரை ஆவி பறக்கக் கோப்பையில் ஊற்றி, பக்கெட்டைக் கிழித்துக் கொட்டிக் கலக்கினார். எனக்குப் பகீரென்றது. அதிலிருப்பவை குடலுக்கு நல்லதென்று கொடுக்கும் உயிருள்ள பக்டீரியா, அந்தச் சூட்டில் மிஞ்சாது.

"கொதிக்க வைக்காத தண்ணி குடுக்கக் கூடாதெண்டு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னதுதான். ஆறவிட்டுக் கலக்கச் சொல்லாததும் நான்தான். கடலுக்குப் போகாத நாளில் அரிசிக்கே கடன் வாங்கும் வீடு. வாசலில் நின்ற மூத்தவனின் வாயைச் சுற்றிப் பிஸ்கட் தூள்.

அன்றிரவு வாசிக்க உட்கார்ந்தேன். மலாவியில் கடும் போசாக்கின்மையுள்ள 795 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குச் சிகிச்சை உணவோடு நல்ல பக்டீரியாவும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். 2009இல் வந்த முடிவு: தேறியவர்கள் 54 வீதம், கொடுக்காதவர்களில் 51. பெரிய வித்தியாசமில்லை. ஒடிசாவில் பச்சிளம் குழந்தைகளுக்குக் கொடுத்தபோது இரத்தத் தொற்று குறைந்தது உண்மை. ஆனால் அவர்கள் 2 கிலோவுக்குக் குறையாமல் பிறந்து தாய்ப்பால் குடித்தவர்கள்.

எங்கள் பிள்ளையின் குடல் வேறு. தொற்றுக்கு மேல் தொற்று வாங்கிய குடலில் உணவை உறிஞ்சும் நுண்விரல்கள் தேய்ந்துவிடும், சுவரும் கசியும். உள்ளே நுழையும் கிருமித் துணுக்குகளோடு நோயெதிர்ப்பு ஓயாமல் மல்லுக்கட்டும். தின்பதில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். அங்கே இறக்கிவிடும் பக்டீரியா எதைத் தின்று நிலைக்கும்? டாக்காவில் கொண்டைக்கடலை, சோயா, கச்சான், வாழைக்காய் சேர்த்த உணவைக் கொடுத்து, குடலில் ஏற்கனவே இருக்கும் நல்ல பக்டீரியாவை வளர்த்திருக்கிறார்கள், நிறையும் கூடியிருக்கிறது. அது 2021இல் வந்த ஆய்வு. அந்த வீட்டு வளவிலேயே வாழை நிற்கிறது.

மறுநாள் போய்ப் பவுடரை நிறுத்தச் சொன்னேன். பிஸ்கட்டை இளையவனுக்கு மட்டும் என்று பிரித்து, கிணற்றடியில் நின்ற ஆட்டை, கழிவு தண்ணீரில் சேராதபடி அப்பால் கட்டினோம். கிண்ணியாச் சட்டித் தயிர் இரண்டு கரண்டி கொடுக்கலாம் என்றதற்குத்தான் பிள்ளையின் அம்மம்மா மசியவில்லை. சளி பிடிக்குமாம்.

அடுத்த கிளினிக்கில் 7 கிலோ 750. அம்மம்மா அட்டையை எட்டிப் பார்த்தார். "பவுடர் இப்பதான் புடிச்சிருக்கு, என்ன புள்ள?"

நான் வாய் திறப்பதற்குள் அடுத்த பிள்ளையைத் தராசில் ஏற்றிவிட்டார்கள்.