கருப்புக் குடையும் ஒரு நிமிட ஓட்டமும்

மில்டன் கீன்ஸில் குடியேறிப் பல ஆண்டுகளாகியும் பக்கத்து ஊரான ஓல்னியின் பான்கேக் ஓட்டத்தைப் பார்க்கவில்லையே என்று என் மனைவி குறைப்பட்டுக்கொண்டே இருந்ததால், திருநீற்றுப் புதனுக்கு முந்தைய செவ்வாயன்று விடுப்பு எடுத்து இருவரும் பேருந்தில் கிளம்பினோம். அந்த ஆண்டு அது மார்ச் தொடக்கத்தில் வந்தது. வானம் பளிச்சென்று இருக்கிறது, குடை எதற்கு என்றாள் அவள். இங்கிலாந்தின் மார்ச் வெயிலை நம்புவதற்கு நான் என்ன புதிதாக வந்தவனா என்று கேட்டுவிட்டு, இருப்பதிலேயே பெரிய கருப்புக் குடையை எடுத்துக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு முந்தைய கிறிஸ்தவ நோன்பான தவக்காலம் தொடங்குமுன் வீட்டில் இருக்கும் முட்டை, பால், வெண்ணெயைத் தீர்த்துவிடுவதற்காக, தோசைபோல் சுடப்படுவது பான்கேக். 1445-இல் ஓல்னியில் அதைச் சுட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், பாவமன்னிப்புக்கு அழைக்கும் தேவாலய மணியைக் கேட்டதும் வாணலியைக்கூட இறக்கி வைக்காமல் ஓடினாள் என்பது ஊர்க்கதை. (மணி அடிக்கும்வரை அடுப்படியில் நின்றவள் எல்லா ஊரிலும் இருந்திருப்பாள், ஓல்னிக்காரர்கள்தான் அதை விழாவாக்கினார்கள்.) போர்க்காலத்தில் நின்றுபோன ஓட்டம் 1948-இல் மீண்டும் தொடங்கியது, 1950 முதல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து லிபரல் என்ற ஊரும் அதே நாளில் ஓடி, நேரத்தை ஒப்பிட்டுப் போட்டியிடுகிறது. ஓல்னியில் குறைந்தது மூன்று மாதமாவது வசிக்கும் பெண்கள் மட்டுமே, பாவாடையும் ஏப்ரனும் தலைத்துணியும் அணிந்து, சந்தைத் திடலிலிருந்து தேவாலயம் வரை 415 கெஜம் ஓடலாம். முன்னணியில் இருப்பவர்களுக்கு அதற்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் போதும்.

ஓட்டம் 11.55-க்கு. 11.40-க்கு வெயில் மறைந்து ஆலங்கட்டி மழை கொட்டத் தொடங்கியது. கவிஞர் வில்லியம் கூப்பர் வாழ்ந்து, இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் வீட்டின் சுவரோரம் ஒதுங்கினோம். அருகில் நின்ற ஒரு பாட்டி, கூப்பர் வளர்த்த மூன்று முயல்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். புஸ், டைனி, பெஸ் என்று அவற்றுக்குப் பெயரிட்டிருந்தாராம். மூன்றும் ஆண் முயல்கள். பெஸ் என்பது பெண்பிள்ளைக்கு வைக்கும் பெயராயிற்றே என்று நான் வியந்துகொண்டிருந்தபோதே கூட்டம் ஆரவாரம் செய்தது.

பாய்ந்து முன்னால் போய்க் குடையை விரித்தேன். காற்று அதை அப்படியே மறுபக்கம் திருப்பி என் தலையில் கவிழ்த்தது. கம்பிகளோடு மல்லுக்கட்டி நான் வெளியே வந்தபோது, ஓட்டக்காரர்கள் திருப்பம் தாண்டிப் போயிருந்தார்கள். ஐந்து நூற்றாண்டு வரலாறு என் கண்ணெதிரே ஓடிய அந்தக் கணத்தில் நான் பார்த்ததெல்லாம் கருப்புத் துணி மட்டுமே. இதில் கூடுதல் வேடிக்கை, என் குடையால் எதுவும் தெரியாமற்போன பின்வரிசைக்காரர்கள் மூவர் என்னிடமே மன்னிப்புக் கேட்டதுதான்.

சற்றுத் தள்ளி, நனைந்தபடி நின்ற மனைவி எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். திரும்பும் பேருந்து நகர்ந்தபோது வெயில் மீண்டும் பளிச்சென்று அடித்தது. அவள் கைப்பேசியில், ஓல்னியில் மூன்று மாதத்துக்கு வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தாள்.