2006 சான்ட்ரோவும் புளூடூத் அடாப்டரும்: மைனஸ் 40 டிகிரியைப் பிடித்த கதை

அப்பாவின் 2006 சான்ட்ரோவில் மூன்று மாதமாக இன்ஜின் லைட் வருவதும் போவதுமாக இருந்தது. லைட் எரியும் நாளில் ரேடியேட்டர் ஃபேன் நிற்காமல் ஓடும். பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். பட்டறையில், இன்ஜின் சூட்டை அளக்கும் கூலன்ட் சென்சாரை மாற்றித் தந்தார்கள். பத்தே நாளில் லைட் திரும்ப வந்துவிட்டது. "வண்டியைக் குடுத்துரலாமா?" என்று அப்பா கேட்டார். பதினெட்டு வருடம் எங்கள் வீட்டோடு ஓடிய வண்டி. ஒரு முறை நானே பார்த்துவிடுகிறேன் என்று சொல்லி, வண்டியின் கோளாறு விவரங்களைப் போனில் காட்டும் ஒரு புளூடூத் அடாப்டரை ஆன்லைனில் வாங்கினேன்.

முதல் ஞாயிறு முழுக்க வீண். வண்டி தன் கோளாறுகளை வெளிக்கருவிக்குச் சொல்லும் முறையான ஓபிடி-2 இந்தியாவில் கட்டாயமானதே 2013 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய வண்டியில், ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருந்தாலும் போனோடு பேசும் என்று உறுதி கிடையாது. அடாப்டரைச் செருகினேன், 1234 கொடுத்ததும் போனோடு சேர்ந்துகொண்டது. ஆனால் ஆப்பில் இசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, மட்டும் கிடைக்கவில்லை. போன் செட்டிங்கையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனிலிருந்து அடாப்டர் வரைதான் புளூடூத். அங்கிருந்து இசியூவுக்குப் போவது வேறு பாதை என்பது மாலையில்தான் உறைத்தது. கேன் பஸ் என்ற இரட்டை வயர் இணைப்பு உள்ள புதிய வண்டிகள் 6, 14 பின்களில் பேசும். எங்கள் வண்டி 7ஆம் பின்னில், கே-லைன் என்ற ஒற்றை வயரில் பேசுகிறது. அடாப்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். 7ஆம் இடத்தில் பின்னே இல்லை, வெறும் ஓட்டை!

நண்பனிடம் பழைய அடாப்டர் ஒன்று கிடந்தது. மேலே எல்ம் 327 (இந்த அடாப்டர்களுக்குள் இருக்கும் சிப்பின் பெயர்), வெர்ஷன் 1.5 என்று போட்டிருக்கும். எல்ம் நிறுவனம் 1.5 என்று ஒன்றை வெளியிட்டதே இல்லை, ஆகவே அதுவும் நகல்தான். ஆனால் 7ஆம் பின் இருந்தது. வாங்கப் போகிறவர்கள் வெர்ஷன் எண்ணைப் பார்ப்பதைவிடப் பின்களை எண்ணிப் பாருங்கள். ஐபோன்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பழைய வகை புளூடூத் அடாப்டர் அதில் வேலை செய்யாது, பிஎல்இ என்ற குறைந்த மின்சார வகை புளூடூத் உள்ளதாக வேண்டும்.

இந்த முறை, அடாப்டருக்குக் கட்டளைகளை நேராக அடித்து அனுப்பும் டெர்மினல் ஆப்பில் 'ஏடி எஸ்பி 5' அடித்து, கே-லைனில் பேசும் முறையான கேடபிள்யூபி புரோட்டோகாலை நேராகவே கொடுத்தேன். இணைந்துவிட்டது. பதிவான கோளாறு கோட்களைக் கேட்கும் 03-ஐ அனுப்பினேன். வந்த பதில் 43 01 18. அதாவது பி0118: கூலன்ட் சென்சார் சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம். சென்சார் கெட்டது என்று இந்த கோட் சொல்லவில்லை, சர்க்யூட் என்றுதான் சொல்கிறது. இந்த சென்சாரில் குளிரக் குளிர ரெசிஸ்டன்ஸ் ஏறும். வயர் அறுந்தால் ரெசிஸ்டன்ஸ் எல்லையில்லாமல் போய்விடும். இசியூ அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொண்டு பெட்ரோலை அள்ளி ஊற்றும்.

அடுத்த ஞாயிறு அப்பா ஓட்ட, மடியில் போனை வைத்துக்கொண்டு அழகர்கோவில் சாலையில் போனோம். ஆப்பின் திரையில் ஆறு அளவுகளுக்கு ஆறு மீட்டர் வைத்திருந்தேன். லைட் எரிந்தது, ஆனால் வெப்பநிலை 80-ஐ விட்டு அசையவில்லை. இங்கேதான் நான் தடுமாறினேன். கே-லைனின் வேகம் நொடிக்கு 10,400 பிட்தான். ஒரு பதில் வந்த பிறகு அடுத்த கேள்விக்குக் குறைந்தது 55 மில்லிசெகண்ட் பொறுக்க வேண்டும். எங்கள் வண்டியில் நொடிக்கு ஐந்தாறு பதில்தான் தேறியது. ஆறு மீட்டருக்கும் அதைப் பங்கு போட்டால் வெப்பநிலை நொடிக்கு ஒரு தடவைதான் வரும். இடையில் அரை நொடி வயர் விட்டுப் பிடித்தால் தெரியவே தெரியாது.

ஐந்து மீட்டரைத் தூக்கிவிட்டு, டெர்மினலில் கூலன்ட் வெப்பநிலையைக் கேட்கும் 01 05 மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பினேன். 41 05 78. மறுபடி 41 05 78. கடைசி எண் 16-ஐ அடிப்படையாகக் கொண்ட ஹெக்ஸ் எண், அதைப் பதின்மத்துக்கு மாற்றி 40-ஐக் கழித்தால் டிகிரி: 78 என்றால் 120, அதில் 40 போக 80. ஒரு ஸ்பீடு பிரேக்கரில் வண்டி ஏறி இறங்கியது.

41 05 00.

மைனஸ் 40 டிகிரி, மதுரை வெயிலில்! அடுத்த வரியில் மீண்டும் 78. "அப்பா, திருப்புங்க, இன்னொரு தடவை ஏத்துங்க" என்றேன். நான்கு தடவை ஏற்றினார், மூன்று தடவை பூஜ்யம் வந்தது.

வீட்டுக்கு வந்து இன்ஜினை ஓடவிட்டு, பானட்டைத் திறந்து சென்சார் வயரை மெல்ல ஆட்டினேன். அப்பா போனைப் பார்த்துக்கொண்டு "வந்துருச்சு... போயிருச்சு" என்று குரல் கொடுத்தார். கப்ளரிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி ஒரு இடத்தைத் தொட்டால் மட்டும் பூஜ்யம். இன்ஜினை அணைத்து மேல் உறையைக் கீறினால் உள்ளே செம்பு பச்சை பூத்து, இரண்டே இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. சூட்டிலேயே பதினெட்டு வருடம் கிடந்த வயர். கெட்ட துண்டை வெட்டி எறிந்து புது வயர் சேர்த்து, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டேன்.

மூன்று வாரமாக லைட் வரவில்லை. அடாப்டரை மட்டும் வேலை முடிந்ததும் கழற்றிவிடுகிறேன். சாவியை எடுத்தாலும் 16ஆம் பின்னில் பேட்டரி கரன்ட் இருந்துகொண்டேதான் இருக்கும்.

இன்று காலை ஐடிலில் விட்டுப் பார்த்தோம். 41 05 87 வந்தபோது, அதாவது 95 டிகிரியில், ஃபேன் ஓட ஆரம்பித்தது. அப்பா போனைக் கையில் வாங்கிக்கொண்டார். கடைசி எண் இறங்கி இறங்கி 82-க்கு, அதாவது 90 டிகிரிக்கு, வந்ததும் ஃபேன் நின்றது. "நின்னுருச்சுப்பா" என்றார்.