சித்திரையில் ஒரு சித்திரக் கொப்பி

ஏப்ரல் 9, உவர்மலை, திருகோணமலை

வருடப்பிறப்புக்கு இந்த முறை 21 பேர் வருகிறார்கள் என்று அம்மா குசினியிலிருந்தே அறிவித்தார். கொழும்பிலிருந்து பெரியப்பா குடும்பம், கனடாவிலிருந்து மாமா குடும்பம், மட்டக்களப்பிலிருந்து மாமி, தம்பலகாமத்திலிருந்து சித்தப்பா என எல்லோரும் மூன்று அறையும் ஒரு விறாந்தையும் ஒரேயொரு குளியலறையும் உள்ள எங்கள் வீட்டில் ஒரு கிழமை இருக்கப் போகிறார்கள். வழக்கமாக இரண்டாம் நாளே தலையிடி என்று சொல்லிவிட்டு டச்சுக் குடாக் கடற்கரையில் போய் உட்கார்ந்துவிடுகின்ற நான், இந்த முறை தடித்த தாள்கொண்ட ஒரு சித்திரக் கொப்பி வாங்கி வைத்திருக்கிறேன். எரிச்சல் வரும்போதெல்லாம் ஒரு கேலிச்சித்திரம் கீறுவது என்பது ஏற்பாடு.

ஏப்ரல் 11

அப்பப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்து, பூச்சி அரித்தது போக மிஞ்சிய ‘சிரித்திரன்’ நகைச்சுவை இதழ்களை வெளியே எடுத்தேன். சுந்தர் என்ற பெயரில் கீறிய சிவஞானசுந்தரத்தின் சவாரித் தம்பரும் மெயில் வாகனத்தாரும் மிஸிஸ் டாமோடிரனும் இன்றைக்கு வந்திறங்கிய உறவினர்களைவிட எனக்கு நெருங்கியவர்களாகத் தெரிந்தார்கள். இதழ்களுக்கு அடியில் ஆனந்த விகடனிலிருந்து வெட்டியெடுத்த கோபுலுவின் பேச்சில்லாச் சித்திரங்களும் சில கிடந்தன. கரவெட்டியில் பிறந்த சுந்தரும் தஞ்சாவூர்க்காரரான கோபுலுவும் 1924ஆம் ஆண்டு பிறந்தவர்கள். ஒருவர் ஆட்களைப் பேசவிட்டுச் சிரிக்க வைத்தார், மற்றவர் பேசவிடாமலே சிரிக்க வைத்தார். எங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் குறைந்தது ஆறு பேராவது பேசுவதால், நான் கோபுலுவின் வழியைப் பின்பற்றுவதே தாளுக்கு நல்லது என்று முடிவு செய்தேன்.

ஏப்ரல் 13

எதிர்பார்த்த சண்டை எதிர்பார்த்த நேரத்திலேயே தொடங்கியது. பெரியப்பா வாக்கிய பஞ்சாங்கக்காரர். மாமா திருக்கணிதக்காரர், அதுவும் இப்போது கைப்பேசியில் பார்க்கிறவர். பழைய வாக்கியங்களின்படி கணித்தால் வருடம் பிறக்கும் நேரம் ஒன்றாகவும், இக்கால வானியல் அவதானிப்புக்கு ஏற்பத் திருத்திக் கணித்தால் வேறொன்றாகவும் வருவதால், ஒவ்வொரு சித்திரையிலும் இந்த வீட்டில் வருடம் இரண்டு முறை பிறக்கிறது. விஷு புண்ணியகாலம் பிறப்புக்கு முன் நான்கு மணித்தியாலமும் பின் நான்கு மணித்தியாலமுமாக நீள்வதால், இரு பஞ்சாங்கங்களுக்கும் பொதுவான நேரம் தாராளமாகவே இருக்கிறது; அந்த நேரத்தில் எல்லோரும் தலையில் மூலிகை மருத்துநீர் வைத்துத் தோய்ந்துவிட்டால் விடயம் முடிந்துவிடும். முடிந்துவிடுமே என்பதுதான் இருவருடைய கவலையும்.

கீறியது இதுதான்: குளியலறைக் கதவின் இரு பக்கமும், தோளில் துவாயும் கையில் பஞ்சாங்கமுமாகப் பெரியப்பாவும் கைப்பேசியுமாக மாமாவும் காவலுக்கு நிற்கிறார்கள், கதவின் கீழ் இடைவெளியால் தண்ணீர் வழிகிறது, உள்ளே யாரோ ஏற்கெனவே குளித்துக்கொண்டிருக்கிறார்கள். பெரியப்பாவின் முகத்தில் நான் மிகைப்படுத்தியது புருவத்தை மட்டுமே. மூக்கு, வயிறு, வழுக்கை என எல்லாவற்றையும் ஒன்றாகப் பெருப்பித்தால் ஆள் காணாமல் போய்விடுகிறார் என்பதை மூன்று தாள்களை வீணாக்கிக் கற்றுக்கொண்டேன்.

ஏப்ரல் 14

விடிய எழுந்து பார்த்தபோது வாசலில் கட்டிய மாவிலைத் தோரணத்தில் பாதி இல்லை. கோட்டைப் பக்கமிருந்து ஊருக்குள் உலாவ வரும் மான்களில் ஒன்று மிச்சப் பாதியையும் நிதானமாக மென்றுகொண்டு நின்றது. சொன்ன நேரத்துக்கு வந்து, கொடுத்ததைத் தின்றுவிட்டு, யாருடைய சம்பளத்தையும் விசாரிக்காமல் திரும்பிப் போன ஒரே விருந்தாளி என்பதால் அதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கினேன்.

கைவிசேஷம் வாங்கும்போது பிள்ளைகள் வெற்றிலையைப் பார்ப்பதில்லை, அதற்குள் மடித்து வைத்த காசுத் தாளின் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். அதை நாலு கோட்டில் முடித்துவிட்டேன்.

பிறகு எல்லோரும் கோணேஸ்வரம் போனோம். கோட்டை வாசலில் பெரியப்பா வருடா வருடம் நிகழ்த்தும் சொற்பொழிவை இந்த முறை கனடாப் பிள்ளைகளுக்காக ஆதியிலிருந்து தொடங்கினார்: போர்த்துக்கேயர் 1624இல் இந்தக் கோட்டையைக் கட்டியது, அதற்குப் பழைய கோயிலின் கற்களையே எடுத்தது, இதே சித்திரை வருடப்பிறப்பு நாளில்தான் கோயில் இடிபட்டதாக மரபு சொல்வது, ஆங்கிலேயர் 1803இல் பிரெட்ரிக் என்று பெயர் வைத்தது. எல்லாம் கேட்க வேண்டிய செய்திகளே. ஆனால் பிள்ளைகள் ஐஸ்கிறீம் வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்க, பின்னால் வந்த வான் ஒன்று ஒலியெழுப்ப, பெரியப்பா நடு வழியில் நின்று ஒல்லாந்தருக்கு வந்து சேர்ந்திருந்தார். பேச்சில்லாமல் கீறுவதென்ற என் விரதம் இந்தப் படத்தில் முறிந்தது. பெரியப்பாவின் வாயிலிருந்து புறப்பட்ட பேச்சுக் குமிழியைச் சின்னச் சின்ன எழுத்துகளால் நிரப்பி, கோட்டை வாசலை முழுவதுமாக அடைக்கும் அளவுக்குப் பெருப்பித்தேன். வானுக்குள் இருந்தவர்கள் இறங்கி அதைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 15

பின்னேரம் தேநீரும் பயற்றம் பணியாரமும் வந்த நேரத்தில், விறாந்தையில் உடுப்புக் காயப்போடும் கயிற்றில் ஒன்பது படங்களையும் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். யாராவது கோபித்துக்கொண்டு அன்றிரவுப் புகையிரதத்திலேயே கொழும்புக்குப் புறப்பட்டுவிடுவார்கள் என்ற பயத்தில், பணியாரம் தொண்டையில் இறங்கவில்லை.

யாரும் கோபிக்கவில்லை. எல்லோரும் பிழை திருத்தினார்கள். பெரியப்பா புருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், படத்தில் அவர் வைத்திருந்த பஞ்சாங்கத்தின் அட்டை போன வருடத்தினுடையது என்று சுட்டிக்காட்டினார். கொக்கிஸ் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உறங்குவதாக நான் கீறியிருந்த மாமி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெருங்கிப் போய்ப் பார்த்தார்.

“தம்பி, எனக்குக் கையில் நாலு காப்பு. நீ மூன்றுதான் கீறியிருக்கிறாய். பார்க்கிறவர்கள் ஒன்றை அடைவு வைத்துவிட்டேன் என்று நினைக்க மாட்டார்களா?”

அந்த இடத்திலேயே நாலாவது காப்பைக் கீறிக் கொடுத்தேன்.

எல்லோரும் சிரித்து அடங்கி எழுந்த பிறகு, சித்தப்பா மட்டும் கயிற்றின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, திரும்பவும் நடந்து வந்து, “நான் எதில் நிற்கிறேன், தம்பி?” என்று கேட்டார். எதிலும் இல்லை. கூட்டமாக நிற்கும் படங்களில்கூட இல்லை. வேண்டுமென்று விடவில்லை, உயரமும் இல்லை குள்ளமும் இல்லை, உரத்துப் பேசுவதும் இல்லை, எந்தச் சண்டையிலும் எந்தப் பக்கமும் நிற்பதில்லை. கேலி செய்யப்பட்டவர்களை நினைத்து நான் பயந்திருக்க, மனம் நொந்து நின்றவர் கேலி செய்யப்படாதவர்.

“நாளைக்குக் கீறுகிறேன், சித்தப்பா” என்றேன்.

ஏப்ரல் 16

நாள் முழுவதும் அவரைப் பின்தொடர்ந்தேன். காலையில் பத்திரிகை வாசித்தார், மடித்து வைத்தார். சோறு சாப்பிட்டார், கோப்பையைத் தானே கழுவி வைத்தார். அழிறப்பர் தேய்ந்ததுதான் மிச்சம். வந்த முகங்கள் எல்லாம் அடையாள அட்டைப் படம் போலவே இருந்தன.

பின்னேரம் அயலவர்களும் வந்து சேர்ந்து வீடு நிறைந்திருந்தபோது, வாசற்படியில் அவர் குந்தியிருப்பதைக் கண்டேன். அங்கே குவிந்து கிடந்த 30 சோடிக்கும் மேற்பட்ட செருப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சோடி சேர்த்து, படி நெடுக வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். போகிறவர் திரும்பி நின்று தடுமாறாமல் அப்படியே காலை நுழைத்துக்கொண்டு நடக்கட்டும் என்று, எல்லாச் செருப்புகளின் முனைகளையும் தெருப் பக்கம் திருப்பியிருந்தார். நல்லெண்ணம்தான். ஆனால் இன்னும் ஒரு கிழமை தங்குவதாக இருந்த மாமா வாசலுக்கு வந்து, அந்த வரிசையையும் சித்தப்பாவையும் மாறி மாறிப் பார்த்த பார்வையை நான் கண்டேன்.

இரவு 11 மணி வரை கீறினேன். முழு வீடும் உள்ளே சிரித்துக்கொண்டிருக்கிறது. வெளியே படிகளில் செருப்புகள் அணிவகுத்துத் தெருவை நோக்கி நிற்கின்றன. கடைசிச் செருப்பை ஓரங்குலம் நேராக்கியபடி, முதுகு மட்டும் தெரிய, சித்தப்பா. முகமே தேவைப்படவில்லை.

ஏப்ரல் 17

படத்தைக் கயிற்றின் நடுவில் தொங்கவிட்டேன். முதலில் சிரித்தது மாமாதான். “அப்போ ஐந்து வருடமாக இவர்தான் என்னைத் துரத்தியிருக்கிறார்!” என்றார். மாமிக்குச் சிரிப்பில் இருமல் வந்து தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. சித்தப்பா எல்லோரும் விலகும் வரை காத்திருந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மிக நெடுநேரம் படத்தைப் பார்த்தார்.

“மூன்றாவது சோடியில்,” என்றார் மெதுவாக, “இடது கால் செருப்பு வலப்பக்கம் இருக்கிறது. நான் அப்படி வைக்க மாட்டேன்.”

அழிறப்பரைத் தேடிக்கொண்டு உள்ளே போனேன்.