ஐந்து மைக்ரான் குழாய்

பெரம்பூரில் எங்கள் அலுவலகத்துக்கு வரும் கணக்குகளில் எனக்குப் பிடித்தது கசிவுக் கணக்கு. ஹீலியம் விட்டுக் கசிவு பார்க்கும் கருவியைச் சரிபார்க்க, அளவு தெரிந்த ஒரு கசிவு வேண்டும். மெல்லிய கண்ணாடிக் குழாய்தான் அது: உள்விட்டம் 5 மைக்ரான், நீளம் 2 செ.மீ. ஒரு முனையில் வளிமண்டல அழுத்தம், மறுமுனையில் வெற்றிடம். எவ்வளவு ஹீலியம் போகும்?

மணலி ஆலைக் குழாய்களுக்குப் போடும் கணக்கு இங்கே எடுபடாது. சாதாரண அழுத்தத்தில் ஒரு ஹீலியம் அணு, இரண்டு மோதல்களுக்கு நடுவே ஏறக்குறைய 0.19 மைக்ரான் போகும். அதை விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது நுட்சென் எண். நுழைவாயிலில் சுமார் 0.04. அழுத்தம் நூறில் ஒரு பங்கான இடத்தில் அதுவே 4. அங்கே அணுக்கள் ஒன்றையொன்று சந்திப்பதைவிடச் சுவரைச் சந்திப்பதுதான் அதிகம். இரண்டு செ.மீ.க்குள் வாயுவின் குணமே மாறிவிடுகிறது!

இதற்கு முதலில் நினைவுக்கு வருவது, 1960களில் கிரேம் பேர்ட் கொண்டுவந்த மான்டி கார்லோ முறை. மாதிரித் துகள்களை ஓடவிட்டு, மோதவிட்டு, சராசரி எடுப்பது. வேகமான ஓட்டத்துக்கு அற்புதமான முறை. ஆனால் எங்கள் நுழைவாயிலில் ஓட்டம் நொடிக்குச் சுமார் 15 செ.மீ.தான்; ஒவ்வோர் அணுவும் அலைபாயும் வேகமோ நொடிக்கு ஆயிரம் மீட்டரை ஒட்டி. அந்த இரைச்சலில் 10 சதவீதத் துல்லியம் வேண்டுமென்றால், கணக்குக்காகக் குழாயைப் பிரிக்கும் சிறு கட்டங்களில் ஒரே ஒன்றுக்குச் சில நூறு கோடி மாதிரிகள் தேவை. அதனால் 1954-ல் பட்நாகர், கிராஸ், குரூக் மூவரும் தந்த எளிய மோதல் சமன்பாட்டுக்குப் போனோம். குழாயைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதனதன் நுட்சென் எண்ணில் தீர்வு கண்டு, கடைசியில் கோத்தோம். மார்ட்டின் நுட்சென் 1909-ல் சோதனையில் கண்ட அந்தப் பள்ளம், நுட்சென் எண் 1-ஐ ஒட்டி ஓட்டம் குறைந்து பிறகு ஏறுவது, வரைபடத்தில் விழுந்தபோது மனசு நிறைந்துவிட்டது.

சரி, கணினி வேலை முடிந்தது. திருவொற்றியூரில் குழாயை அளந்துகொடுக்கும் அண்ணன் முடிவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, குழாயைச் சுட வெச்சு ஈரத்தை எடுத்தாங்களா? உன் கணக்குல அது எங்க இருக்கு?"

கடற்காற்று அடிக்கும் ஊரில் வேலை பார்ப்பவருக்கே வரும் கேள்வி. சுவரில் மோதும் அணுக்களில் ஒரு பங்கு கண்ணாடியில் பட்ட ஒளி போல அப்படியே திரும்பும். மீதி, போன திசையை மறந்து எப்படியோ கிளம்பும் என்று மேக்ஸ்வெல் 1879-லேயே எழுதிவிட்டார். அந்த மீதிப் பங்கு 1 இல்லாமல் 0.9 என்றால், அழுத்தம் மிகக் குறைந்த பகுதியில் ஓட்டம் சுமார் 22 சதவீதம் கூடும். சுவர் எவ்வளவு சுத்தம், என்ன ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும். எந்தச் சமன்பாடும் அதைத் தானாகத் தராது; அளந்துதான் எடுக்க வேண்டும்.

அண்ணன் அளக்கும் விதமே தனி. குழாயின் மேல் சூடேற்றும் பட்டையைச் சுற்றி ஈரத்தை விரட்டுவார். ஆறிய பிறகு, மூடிய கலத்துக்குள் அழுத்தம் ஏறுவதைக் கேஜில் பார்த்துக் குறிப்பார். ஒவ்வொரு குறிப்புக்குப் பக்கத்திலும் அறையின் வெப்பநிலை இருக்கும். 3 டிகிரி மாறினாலே அழுத்தம் 1 சதவீதம் மாறும் என்பதால் அதை ஒருபோதும் விடமாட்டார்.

வாடிக்கையாளர்கள் ஒற்றை எண்தான் கேட்கிறார்கள். நான் 0.9-க்கு ஒன்று, 1-க்கு ஒன்று என இரண்டு கோடுகள் போட்டு, அண்ணன் அளந்த புள்ளிகளையும் அதே படத்தில் வைத்து அனுப்புகிறேன். குழாயை எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம் சுட்டார்கள் என்பதும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருக்கும்.