13 முட்டை, 8 கோழி

இரண்டு வருடத்துக்கு முன்னால், சித்திரையில் எங்கள் வீட்டில் 18 கோழி இருந்தது. வைகாசி பிறந்தபோது ஒன்றுகூட இல்லை.

தப்பு என்னுடையதுதான். சந்தையில் பார்க்க அம்சமாக இருந்த ஒரு சேவலைப் பிடித்து வந்து, அன்றைக்கே மற்றக் கோழிகளோடு குடாப்பில் அடைத்தேன். நான்காம் நாள் அது சிறகைத் தொங்கவிட்டு ஓரமாக நின்றது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல். அப்புறம் ஒவ்வொன்றாகத் தூங்கி விழுந்தன. இரண்டுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. அம்மா கீழாநெல்லி, சீரகம், மஞ்சள் எல்லாம் அரைத்து உருண்டை பிடித்து ஊட்டிப் பார்த்தார். வெள்ளைக்கழிச்சல் வைரஸால் வருவது, முன்கூட்டித் தடுப்பு மருந்து கொடுத்திருந்தால் உண்டு, வந்தபின் ஒன்றும் செய்ய முடியாது என்று கால்நடை மருத்துவர் சொன்னபோது நான் ஏழாவது குழியைத் தோண்டி முடித்திருந்தேன்.

குடாப்பைச் சுரண்டிக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, வெயிலில் காயப்போட்டதோடு சரி. தை மாதம் வரை கோழிப் பேச்சையே எடுக்கவில்லை. பெரியம்மாதான் தன் வீட்டுச் சிறுவிடைப் பெட்டை ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்; சின்ன உடம்பு நாட்டுக்கோழி. "நல்லா அடை உட்காரும்டா, வச்சுக்க."

பிப்ரவரியில் ஊருக்கு வந்த இருவாரத் தடுப்பூசி முகாமில் அதற்கு முதல் வேலையாக ஊசி போட்டேன். அது 16 முட்டை இட்டது. சேவல் பக்கத்து வீட்டுக்காரருடையது. வேலி தாண்டி வந்து போனதற்கு அவர் காசு கேட்கவில்லை. முட்டை ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி எழுதி வைத்ததால், பழசான மூன்றை ஆம்லெட்டுக்கு ஒதுக்க முடிந்தது. மீதி 13ஐ மணலும் வைக்கோலும் பரப்பிய கூடையில் அடை வைத்தோம். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று அம்மா ஒரு இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் கூடையில் போட்டார். மாசியில் இடி எங்கிருந்து வரும் என்று நான் கேட்கவில்லை.

ஏழாம் நாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன். கரு பிடித்த முட்டைக்குள் சிலந்தி மாதிரி சிவப்பு நரம்பு ஓடும். இரண்டு வெறும் கண்ணாடியாகத் தெரிந்தன; கூமுட்டை, எடுத்துவிட்டேன். 21ஆம் நாள் 10 குஞ்சு. ஒன்று ஓட்டைக் கொத்திய நிலையிலேயே செத்துக் கிடந்தது.

உண்மையான அலைச்சல் இதற்குப் பிறகுதான். பொரித்த ஏழாம் நாள், வெள்ளைக்கழிச்சலைத் தடுக்கும் லசோட்டா சொட்டு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. வேலை அவ்வளவுதான். ஆனால் எனக்குக் கிடைத்த மிகச் சின்ன புட்டியே 100 குஞ்சுக்கானது. கலக்கிவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், நாளைக்கு என்று எடுத்து வைக்க முடியாது. பத்துக் குஞ்சுக்காக ஒரு புட்டியா என்று முன்பெல்லாம் விட்டதன் விலைதான் அந்த 18 கோழி. இந்தத் தடவை முதல் நாளே தெருத்தெருவாகப் போய், யார் வீட்டில் சின்னக் குஞ்சு இருக்கிறது என்று கேட்டு வைத்தேன். மறுநாள் காலை பிளாஸ்கில் ஐஸ் போட்டு மருந்தை வாங்கி வந்ததும், பெண்கள் முறத்திலும் பஞ்சாரத்திலும் பிளாஸ்டிக் கூடையிலும் குஞ்சுகளோடு எங்கள் திண்ணைக்கு வந்துவிட்டார்கள். மொத்தம் 64. யார் குஞ்சு எது என்று பிரிப்பதில் ஒரு சண்டைகூட நடந்தது. நான்காம் வாரம் மறுபடி சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி.

தீனிக்கு நொய், கம்பு, கொஞ்சம் கடைத்தீவனம். பழைய பானையில் காய்ந்த சாணியும் சாக்குத் துண்டும் திணித்துத் தண்ணீர் தெளித்து, மாலையில் தரையில் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் ஏறியிருக்கும். அதைத் தட்டிவிட்டால் குஞ்சுகள் போடும் ஆட்டம் இருக்கிறதே! ஒன்றைக் காக்கை தூக்கியது. ஒன்று மாட்டுத் தொட்டியில் விழுந்து செத்தது. அதற்கப்புறம்தான் தொட்டிக்கு மூடி செய்தேன், தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தேன்.

எட்டு தேறின. நான்கு சேவல், நான்கு பெட்டை. ஆறாம் மாதம் மூன்று சேவலை உயிர் எடை கிலோ 400 ரூபாய்க்கு விற்றேன். நாலரைக் கிலோ, 1,800 ரூபாய். ஒன்று ஞாயிற்றுக்கிழமைக் குழம்பானது. பெட்டைகள் முட்டையிடத் தொடங்கிவிட்டன.

கூடப்பிறந்த சேவலோடு பெட்டைகளைச் சேர்த்தால் போகப்போக வம்சம் நோஞ்சானாகிவிடும். அதனால் வேறு ஊரிலிருந்து ஒரு சேவல் வாங்கி வந்திருக்கிறேன். புளியமரத்தடியில் தனிப் பஞ்சாரம், தனித் தண்ணீர்த் தட்டு. இரண்டு வாரம் முடிந்தால்தான் குடாப்பு. பெட்டைகளைப் பார்த்து விடியற்காலையிலிருந்து கூவிக்கொண்டே இருக்கிறது. "பாவம்டா, விட்டுடேன்" என்கிறார் அம்மா. இன்று ஒன்பதாம் நாள்.