ஹாஸ்டல் பிள்ளைக்கு தீபாவளிக்கு என்ன வாங்கலாம்?

புதுச்சேரி, கடலூர் பக்கம் ஹாஸ்டல்ல படிக்கிற பிள்ளைக்குன்னா, முதல்ல ஐப்பசி மழையையும் உப்புக்காத்தையும் கணக்குல எடுங்க. லெதர் பர்ஸ், பெல்ட் எல்லாம் பீரோவுக்குள்ளேயே பூஞ்சை பிடிச்சிடும். குடை நல்ல பரிசு. ஆனா இரும்புக் கம்பின்னா துரு ஏறி மூட்டுல இறுகிக்கும். ஃபைபர் கம்பி பார்த்து வாங்குங்க.

கெட்டில் வேண்டவே வேண்டாம். 1500 வாட் கெட்டில் 230 வோல்ட்ல ஆறரை ஆம்பியர் இழுக்கும். ரூம்ல பெரும்பாலும் இருக்கிறது 6 ஆம்பியர் பாயிண்ட். சூடாகி பிளக் உருகும், அப்புறம் வார்டன் கையில போகும்.

பவர் பேங்க்ல 10,000 எம்ஏஎச்னு பெருசா போட்டிருப்பாங்க. அது உள்ளே இருக்கிற 3.7 வோல்ட் செல்லோட கணக்கு. 5 வோல்ட்டுக்கு ஏத்தும்போது இழப்பு போக 6,000 சொச்சம்தான் வெளியே வரும். 5,000 எம்ஏஎச் போனை ஒண்ணரை தடவை ஏத்தினாலே பெரிசு. பெட்டியில பொடி எழுத்துல 'ரேட்டட் கெப்பாசிட்டி'ன்னு நிஜமா வெளியே வர்ற அளவு இருக்கும், அதைப் படிங்க.

தின்ன ஏதாவதுன்னா பண்ருட்டி முந்திரிதான், வேற யோசனையே வேண்டாம். முந்திரி ரகத்துல டபிள்யூ 240ன்னா ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 220லிருந்து 240 பருப்பு. டபிள்யூ 320 சின்னது, விலையும் கம்மி. உடைச்ச பாதிப்பருப்பு இன்னும் மலிவு, ருசி அதேதான். அரைக் கிலோவை ஒரே பாக்கெட்டா கொடுக்காதீங்க. திறந்தா மழை ஈரத்துல ரெண்டே நாள்ல நமுத்துடும் (அதுக்குள்ள ரூம்மேட்டு விட்டுவெச்சா!). 100 கிராம் வீதம் அஞ்சு கவரா சீல் போட்டு வாங்குங்க.